நிலத்தின் எண்ணைப் பிடித்து: ஐரிஷ் மூதாதையர் தேடல்

ஜனவரி 12
முதல் வேலை டவுன்லேண்டின் பெயரைக் கண்டுபிடிப்பது. அயர்லாந்தில் நிலப்பிரிவின் கடைசி அலகு அது. அறுபதாயிரத்துக்கும் மேல் உண்டு. "கெர்ரி கவுண்டி, சல்லிவன்" என்ற அளவில் வரைபடத்தைத் திறந்தால் ஒன்றும் நடக்காது, அங்கே சல்லிவன்கள் ஏராளம். குடியேறிய நாட்டின் திருமணப் பதிவு, கல்லறைக் கல், இரங்கல் செய்தி இவற்றில்தான் ஊர்ப்பெயர் ஒளிந்திருக்கும். காதால் கேட்டு எழுதியதாகையால் எழுத்து மாறியிருக்கும். வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, 1861இல் அச்சான டவுன்லேண்ட் அகரவரிசையில் தேட வேண்டும்.

ஜனவரி 15
நிலப்பதிவை ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்? 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் போயிற்று. 1861 முதல் 1891 வரையானவற்றை அரசே அழித்துவிட்டது. பெரிய இழப்பு, நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அந்த இடைவெளிக்கு நமக்கு இருப்பது 1847–1864இல் வெளியான கிரிஃபித் மதிப்பீடு: வரி விதிக்க, எந்த நிலமும் வீடும் யாரிடம் இருந்தது என்று எழுதிய பட்டியல்.

ஜனவரி 19
கிரிஃபித் மதிப்பீட்டின் முதல் நெடுவரிசையில் "12 A a" என்பதுபோல் இருக்கும். 12 என்பது நிலத்தின் எண். ஒருவருடைய நிலம் துண்டு துண்டாகக் கிடந்தால் பெரிய எழுத்து ஒவ்வொரு துண்டையும் குறிக்கும். சிறிய எழுத்து வீடு. இந்த எண்ணை மைலுக்கு ஆறு அங்குல அளவு வரைபடத்தில் தேட வேண்டும்.

பலர் தடுமாறுவது இங்கேதான். இணையத்தில் மதிப்பீட்டோடு காட்டப்படும் வரைபடம் பெரும்பாலும் சில ஆண்டுகள் பிந்திய திருத்தப் பதிப்பு. இடையில் நிலம் பிரிந்தோ சேர்ந்தோ இருந்தால் எண் ஒத்துவராது. அப்போது எண்ணை விட்டுவிட்டு, அச்சில் உள்ள ஏக்கர் அளவையும் பக்கத்து நிலக்காரர்களையும் வைத்துப் பொருத்த வேண்டும். பெயருக்குப் பின் அடைப்புக்குறியில் இன்னொரு பெயர் இருந்தால் விடாதீர்கள்: ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்துக்காட்ட எழுதியது, பல இடங்களில் தந்தையின் பெயர்.

ஜனவரி 20
1823 முதல் 1830களின் இறுதிவரை எழுதப்பட்ட டைத் (திருச்சபைக்கான வரி) ஏடுகளோடு ஒப்பிடும்போது கவனம். அங்கே பல இடங்களில் ஐரிஷ் ஏக்கர். ஒன்று ஏறத்தாழ 1.62 சாதாரண ஏக்கர். நிலம் பெருகிவிட்டதாகத் தோன்றும், பெருகியிருக்காது.

ஜனவரி 26
கிரிஃபித்துக்குப் பிறகு திருத்த ஏடுகள், அதாவது நிலம் கைமாறியதை அவ்வப்போது குறித்த ஏடுகள். பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை வேறு நிற மையில் எழுதியிருப்பார்கள். அதே நிறத்தில் ஓரத்தில் ஆண்டு இருக்கும். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் இந்தத் துப்பு போய்விடும், வண்ணப் பிரதியையே கேளுங்கள். வட அயர்லாந்து ஏடுகளை பெல்ஃபாஸ்டின் ப்ரோனி ஆவணக்காப்பகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பெயர் மாறிய ஆண்டு இறந்த ஆண்டல்ல, பதிவு தாமதமாகலாம். இறப்புப் பதிவைத் தேடும்போது சில ஆண்டுகள் பின்னோக்கிப் போகவும்.

பிப்ரவரி 2
1901, 1911 கணக்கெடுப்புகளுக்கு இடையில் வயது பத்து ஆண்டுக்கு மேல் ஏறியிருந்தால் ஆள் வேறு என்று ஒதுக்க வேண்டாம். 1909இல் எழுபது வயதானோருக்கு ஓய்வூதியம் வந்தது, அதற்காக வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு.

பிப்ரவரி 5
கத்தோலிக்கப் பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) எல்லையும் நிலப்பதிவுகளில் வரும் நிர்வாகப் பாரிஷின் எல்லையும் ஒன்றல்ல. சரியான பங்கைப் பிடித்தபின், ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோர் பெயர்களைக் குறித்துக்கொண்டு, வரைபடத்தில் உங்கள் நில எண்ணுக்கு அக்கம்பக்கத்து எண்களில் அந்தக் குடும்பப்பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.