‘டவுன்’ கொடுத்தேன், நாலு மாதப் படங்களைக் காணவில்லை

திருகோணமலை உவர்மலை வீட்டில் பழைய லப்டொப் ஒன்றில் டொக்கர் (மென்பொருட்களைக் கொன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டுவது) போட்டு, படங்களையும் கோப்புகளையும் நம் கணினியிலேயே சேமிக்கும் நெக்ஸ்ட்கிளவுட்டை ஓடவிட்டு நாலு மாதம். கோட்டை மான்கள், பத்திரகாளி கோயில் தேர் என்று வீட்டாரின் போன் படங்கள் எல்லாம் அதில்தான். கரன்ட் போய் வந்தும், இமேஜை (கொன்டெய்னர் உருவாகும் மென்பொருள் அச்சு) இரண்டு தடவை புதுப்பித்தும் ஒன்றும் ஆகவில்லை. அதனால், கொன்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று எழுதி வைக்கும் கொம்போஸ் கோப்பில், தரவு தங்கும் இடமான வொலியூமுக்கு ஒரு வரிகூட எழுதாதது என் கண்ணில் படவே இல்லை.

சனிக்கிழமை போர்ட் எண்ணை மாற்றுவதற்காக, எல்லாவற்றையும் நிறுத்தும் ‘டவுன்’ கட்டளை கொடுத்து, மறுபடி ஓடவிடும் ‘அப்’ கொடுத்தேன். பிரவுசரில் முதல் நாள் வந்த அதே பக்கம், நிர்வாகிக் கணக்கு உருவாக்கச் சொல்லி. வயிறு கலங்கிவிட்டது. அம்மா வேறு, “தம்பி, தேர்ப் படம் ஒண்டையும் காணேல்லையே” என்கிறார்.

தேடிப் பார்த்ததில் விளங்கியது இதுதான். நெக்ஸ்ட்கிளவுட் இமேஜே தன் எச்டிஎம்எல் போல்டருக்கு வொலியூம் வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறது. நாம் பெயர் வைக்காவிட்டால் டொக்கர் 64 எழுத்தில் ஏதோ ஒரு பெயரை வைத்துவிடும். இமேஜ் மாறும்போது வெறும் ‘அப்’ கொடுத்தால், கொம்போஸ் அந்த வொலியூமைப் புதுக் கொன்டெய்னருக்கு மாற்றிக் கொடுக்கும். ‘டவுன்’ கொடுத்தால் கொன்டெய்னரே போய்விடும். வொலியூம் அழியாது, ஆனால் அது யாருடையது என்று சொல்ல ஆளில்லை. அடுத்த ‘அப்’ புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

வொலியூம் பட்டியலில் நீளப் பெயர்கள் இரண்டு இருந்தன. ஒன்று 38 ஜிபி! இடம் போதவில்லை என்று போன வாரம், பயன்படாத வொலியூம்களை அழிக்கும் ‘வொலியூம் ப்ரூன்’ ஓட்ட நினைத்திருந்தேன், சோம்பலில் விட்டுவிட்டேன். அது இப்போது ஓடியிருந்தால் கொன்டெய்னர் இல்லாத இந்தப் பெயரில்லா வொலியூமைத்தான் முதலில் வாரிக்கொண்டு போயிருக்கும்.

சரி, பெயர் வைத்த வொலியூம் ஒன்றை கொம்போஸ் கோப்பில் எழுதி, கொன்டெய்னரை நிறுத்திவிட்டுப் பழையதை அதற்குள் கொப்பி செய்தேன். முதல் தடவை சாதாரண ‘சிபி’ என்ற கொப்பிக் கட்டளை. எல்லாக் கோப்புகளும் ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் பெயருக்கு மாறிவிட்டதால், நெக்ஸ்ட்கிளவுட் ஓடும் 33 எண்ணுள்ள வெப் பயனரால் எதிலும் எழுத முடியவில்லை. துடைத்துவிட்டு ‘சிபி’யுடன், உரிமையாளரை மாற்றாமல் கொப்பி செய்யும் ‘-ஏ’ சேர்த்துச் செய்ததும் சரிவந்தது. ஒரே கோப்பில் இருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் நான் ஓட்டியதால் பயனர் கணக்குகளும் அதே போல்டருக்குள் இருந்தன. தனிக் கொன்டெய்னரில் ஓடும் மரியாடிபி தரவுத்தளம் என்றால் அதன் வொலியூமையும் தனியாகத் தேடியிருக்க வேண்டும்.

பிறகு வேண்டுமென்றே இரண்டு தடவை ‘டவுன்’, ‘அப்’. படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ‘டவுன்’ உடன் ‘-வி’ சேர்த்தால் பெயர் வைத்ததும் போய்விடும், அதைப் பரிசோதிக்க எனக்குத் தைரியமில்லை. முழு வொலியூமையும் ஒரு டார் கோப்பாக்கி யுஎஸ்பி டிஸ்க்கில் போட்டிருக்கிறேன். நாளைக்கு அது நிலாவெளியில் அக்கா வீட்டு அலுமாரிக்குப் போகிறது.