வெள்ளிக் கிரகத்து உபதேசத்தை வருட வரிசையில் படித்த கதை

சிரிக்கலாம் என்றுதான் ஜார்ஜ் ஆடம்ஸ்கியின் புத்தகங்களைக் கையில் எடுத்தேன். 1952 நவம்பர் 20 அன்று கலிபோர்னியாவில், டெசர்ட் சென்டர் பக்கத்துப் பாலைவனத்தில் வெள்ளிக் கிரகத்துக்காரர் ஒருவரைப் பார்த்துப் பேசினேன் என்று சொன்ன மனிதர். முதல் இரண்டு ராத்திரி ஜோராகப் போனது, அப்புறம் பறக்கும் தட்டுக்குள் இருக்கிற குரு வாயைத் திறந்து பக்கம் பக்கமாக உபதேசம் செய்ய ஆரம்பிக்கவே கொட்டாவி விட்டு மூடி வைத்துவிட்டேன்.

மறுபடி எடுத்தபோது பழையதிலிருந்து, வருட வரிசையில் படித்தேன். அப்போதுதான் பிடி கிடைத்தது. 1930களில் இவர் லகுனா பீச்சில் ‘ராயல் ஆர்டர் ஆஃப் திபெத்’ என்று ஓர் அமைப்பு நடத்தியிருக்கிறார், 1936இல் அதன் பெயரில் கேள்வி-பதிலாக ஒரு புத்தகமும் வந்திருக்கிறது. அதில் தட்டு இல்லை, வெள்ளிக் கிரகம் இல்லை, பேசுவதெல்லாம் கீழைத்தேச ஞானிகள். ஆனால் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தால் அதே சரக்குதான் பிற்பாடு ‘விண்வெளிச் சகோதரர்கள்’ என்று அவர் அழைத்த வேற்றுக் கிரகத்தார் வாயிலிருந்தும் வருகிறது. வாத்தியார் மாறிவிட்டார், பாடம் அப்படியே இருக்கிறது.

அந்தப் பாடத்தில் ஒன்று எனக்கு ஒட்டிக்கொண்டது. புலன்கள் நாலுதானாம்: கண், காது, மூக்கு, நாக்கு. தொடு உணர்வு புலனே இல்லை, அதுதான் உயிர், மற்ற நாலும் அதை அண்டிப் பிழைப்பவை. ஓரறிவு உயிருக்கும் தொட்டால் தெரியும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவனுக்கு இது அவ்வளவு அந்நியமாகப் படவில்லை. சரி, மனதைக் கவனிக்கச் சொல்கிறாரே என்று ஒருநாள் காலையில் டீ டம்ளரோடு உட்கார்ந்தும் பார்த்தேன். குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் காது ஜெயித்துவிட்டது, அடுப்பை அணைக்க ஓடினேன்.

இதற்கெல்லாம் மேலே, 1957 கடைசியில் அவருக்கு வந்த ஒரு கடிதம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் தலைப்பு அச்சிட்ட தாள், ஆர். இ. ஸ்ட்ரெய்த் என்று கையெழுத்து, நீங்கள் சொல்வதற்கு எங்களிடமும் ஆதாரம் இருக்கிறது என்கிற தொனி. தாள் அசல், ஆனால் அப்படி ஓர் ஆளே அங்கே கிடையாது. பறக்கும் தட்டுகளைப் பற்றி எழுதிவந்த கிரே பார்க்கரும் ஜேம்ஸ் மோஸ்லியும் சேர்ந்து செய்த விஷமம் அது. 1984இல் பார்க்கர் இறந்த பிறகுதான் மோஸ்லி ஒப்புக்கொண்டார். ஆடம்ஸ்கியோ 1965லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கடிதத்தை அவர் எவ்வளவு பெருமையாக வெளியே சொல்லியிருக்கிறார் என்று படித்தபோது, சிரிக்க வந்த எனக்குப் பாவமாகிவிட்டது. அவர் எடுத்ததாகச் சொன்ன பறக்கும் தட்டுப் படங்களை மட்டும் இன்னும் நம்பவில்லை.