பீற்றிலுக்கு ஒரு ஹீற்றர்

24 நவம்பர் 2024, ஞாயிறு

காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றிவிட்டு அண்ணை கீழே படுத்துப் பார்த்தார். மெக்கானிக்கைத்தான் சொல்கிறேன். கோண்டாவில் பக்கத்தில் பழைய கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் அவர் அண்ணைதான்.

"தம்பி, உங்கட காருக்கு ஹீற்றரே இல்லை. ஆரோ கழட்டி எறிஞ்சிட்டாங்கள்."

1969ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பீற்றில் கார், பின்பக்கத்தில் 1300 சிசி எஞ்சின். இந்த எஞ்சினைக் குளிர்விப்பது காற்று, தண்ணீர் கிடையாது, அதனால் மற்றக் கார்களைப் போல ரேடியேற்றர் தண்ணீரைக் கொண்டு உள்ளே சூடேற்ற வழியில்லை. சைலன்சருக்குப் போகும் புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகரக் கூடு இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் ஃபான் கொஞ்சக் காற்றை அந்தக் கூட்டுக்குள் தள்ளும். சூடான காற்று கதவுகளின் கீழே ஓடும் பெட்டிச் சட்டங்கள் வழியாக முன்னுக்குப் போய்க் காலடியிலும் முன்கண்ணாடியின் அடியிலும் வெளிவரும். என் காரில் அந்தக் கூடுகளுக்குப் பதில் வெறும் குழாய் போட்டிருக்கிறார்கள். ஃபான் மூடியின் இரண்டு வாயையும் தகரத்தால் அடைத்தும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் அது சரியான வேலைதான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மகள் குளிர் மலையான நுவரெலியாவில் படிப்பிக்கிறாள். போன தை மாதம் போனபோது வழியில் இறம்பொடைக்கு மேலே பனிப்புகார் இறங்கி, கண்ணாடியின் உட்புறம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. மனைவி துவாயால் துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது. ஜன்னலைத் திறந்தால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். இந்த முறை பொங்கல் முடிந்து போவதற்குள் ஒரு வழி செய்தாக வேண்டும்.

30 நவம்பர், சனி

மழை ஒரு மாதிரி விட்டிருக்கிறது. கராஜுக்குப் போகும் ஒழுங்கையில் இன்னும் முழங்காலளவு தண்ணீர், ஆகவே வீட்டில் இருந்து கணக்குப் பார்த்தேன்.

முதல் யோசனை, பழைய கூடுகளையே தேடிப் பிடித்துப் போடுவது. அசல் ஜேர்மன் கூட்டுக்குள் சூட்டை வாங்கும் தகடுகள் நெருக்கமாக இருக்கும். இப்போது புதிதாக விற்பவற்றில் பலதில் அந்தத் தகடுகள் குறைவு, சூடும் குறைவு. பழசை வாங்கினால் இன்னொரு பயம். கூட்டுக்குள் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் எஞ்சின் புகை நேரே காருக்குள் வரும். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

இதைவிடப் பெரிய குறை அந்த முறையிலேயே இருக்கிறது. காற்றைத் தள்ளுவது எஞ்சினோடு சுற்றும் ஃபான். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் எஞ்சின் கத்தும்போது சூடு தாராளமாக வரும். புகாருக்குள் ஒரு லொறியின் பின்னால் ஊரும்போதோ, இறக்கத்தில் அக்சிலேற்றரை விட்டுவிட்டு வரும்போதோ வராது. கண்ணாடி மங்குவதோ அந்த நேரங்களில்தான்.

அடுத்தது, சிகரெட் லைற்றர் துளையில் செருகும் 12 வோல்ற் ஹீற்றர். ஸ்ரான்லி வீதியில் ஒரு கடையில் இருந்தது, 150 வாற். இது 12 அம்பியருக்கு மேல் இழுக்கும். என் காரின் டைனமோ முழு வேகத்தில் தருவதே 30 அம்பியர், ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஹெட்லைற் இரண்டுக்கும் சேர்த்து ஏழெட்டு, வைப்பருக்கு மூன்று நான்கு என்று போனால் பற்றரிக்கு என்ன மிச்சம்? ஒரு காரின் உட்பக்கத்தைச் சூடாக்கக் கிட்டத்தட்ட இரண்டு கிலோவாற் வேண்டும். 150 வாற்றில் கண்ணாடியில் ஒரு உள்ளங்கையளவு இடம் தெளியும், அவ்வளவுதான். வாங்காமல் திரும்பியிருந்தேன்.

8 டிசம்பர், ஞாயிறு

தனியாக எரிபொருள் எரித்துச் சூடாக்கும் ஹீற்றர்தான் முடிவு. இது ஒன்றும் புது யோசனை இல்லை. எஸ்லிங்கன் நகரத்து எபர்ஸ்பெஷர் கம்பனி பீற்றிலுக்கென்றே பெற்றோல் ஹீற்றர் செய்தது. குளிர்நாட்டுக்காரர் அதை முன் டிக்கியில் பொருத்திக்கொண்டார்கள். 1968இல் வந்த வொக்ஸ்வாகன் 411இலோ அது காரோடேயே வந்தது. சோவியத் ஸப்பரோஷெற்ஸ் காரிலும் அப்படித்தான். காற்றால் குளிரும் எஞ்சினைச் செய்தவர்களுக்கே அதன் சூட்டை மட்டும் நம்பியிருக்க மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தப் பழைய பெற்றோல் ஹீற்றர் ஒன்றைச் சுவிஸில் இருந்து எடுத்துவரலாம் என்று மச்சான் சொன்னார். அரை நூற்றாண்டு பழைய ரப்பரும் சீலும் உள்ள பெற்றோல் அடுப்பைப் பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் வைக்க எனக்குத் துணிவில்லை. பீற்றிலின் தாங்கி முன்பக்கத்தில்தான் இருக்கிறது. கடைசியில் லொறிச் சாரதிகள் படுக்கும் இடத்துக்குப் போடும் சிறிய டீசல் ஹீற்றரை மச்சான் வாங்கிவந்தார், 2 கிலோவாற். கூடவே ஒரு காபன் மொனொக்சைட் அலாரமும். அதை நான் கேட்கவில்லை, அக்காதான் கட்டாயப்படுத்தி வாங்குவித்தாளாம்.

அண்ணை அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். உள்ளே சிறு எரியறை, பற்றவைக்க ஒரு குளோ பிளக், சொட்டுச் சொட்டாக எரிபொருள் அனுப்பும் பம்ப். எரிவதற்கான காற்று வெளியில் இருந்து ஒரு குழாயால் வந்து இன்னொரு குழாயால் புகையாக வெளியே போகும். காருக்குள் இருக்கும் காற்று அந்த எரியறையின் வெளிப்புற அலுமினியத் தகடுகளைத் தொட்டுச் சூடேறித் திரும்பும். இரண்டு காற்றும் ஒன்றையொன்று சந்திக்காது. தொடங்கும்போது எட்டுப் பத்து அம்பியர் சில நிமிடங்களுக்கு மட்டும், பிறகு ஒன்றோ இரண்டோ. டைனமோவுக்கு இது பாரமே இல்லை.

"மண்ணெண்ணெய் ஊத்துவம் தம்பி, புகை பிடிக்காது" என்றார் அண்ணை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம் முழுக்க மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த வித்தையில் கைதேர்ந்தவர் அண்ணை, ஆகவே மண்ணெண்ணெய் என்றால் முகம் மலர்ந்துவிடும். அவர் சொல்வது போலப் புகைக்கரி குறைவுதான். ஆனாலும் பம்புக்கு டீசலில் இருக்கும் வழுக்கல் மண்ணெண்ணெயில் இல்லை. டீசலே போதும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். இரண்டு நாள் அண்ணை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

22 டிசம்பர், ஞாயிறு

பின் இருக்கைக்குப் பின்னால் உள்ள சாமான் குழியில் ஹீற்றர் உட்கார்ந்துவிட்டது. தரையில் துளை போட்டு இரும்புத் தகடும் கஸ்கற்றும் வைத்து இறுக்கினோம். புகைக்குழாய் இடப்பக்கமாக இறங்கி, எஞ்சினுக்கு முன்னாலேயே காருக்கு வெளியே நிலத்தைப் பார்த்து முடிகிறது. குழாய் போகும் இடத்தில் இருந்த பழைய ரப்பர் மூடிகள் எல்லாம் புதிது. தரையில் ஒரு ஊசித்துளையும் இருக்கக்கூடாது என்று சொல்லி அண்ணை உள்ளே விளக்கைப் பிடித்து, என்னைக் காருக்குக் கீழே படுக்க வைத்துத் தேடச் சொன்னார். ஒளி தெரிந்த இடமெல்லாம் சீலர்.

டீசலுக்கு மூன்று லீற்றர் தாங்கி ஒன்றைத் தகர வேலைக்காரர் செய்து தந்தார். அதன் மூச்சுக்குழாயும் தரைக்குக் கீழே போகிறது, உள்ளே மணம் வரக்கூடாது. இந்த ஹீற்றர் மணிக்கு கால் லீற்றர் அளவில்தான் குடிக்கும், மலைக்குப் போய்வர மூன்று லீற்றர் தாராளம்.

சூட்டை முன்னுக்குக் கொண்டுபோவதுதான் இழுபறி. கதவின் கீழ்ச் சட்டங்களில் ஒன்றை உப்புக்காற்று அரித்திருந்தது, அதை முன்பே வெட்டி வெல்டிங் செய்திருந்தோம். முன்பு எஞ்சினில் இருந்து வந்த சூட்டுக்காற்றுக் குழாய் சேரும் அதே வாய்களில் ஹீற்றரின் குழாயை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தோம். ஓடவிட்டால் பத்து நிமிடத்தில் தானாக நின்று, அதிக சூடு என்று காட்டியது. நீண்ட ஒடுக்கமான வழியில் காற்று போக முடியாமல் ஹீற்றருக்குள்ளேயே சூடு தேங்குகிறது. பின் இருக்கைக்குக் கீழே மூன்றாவதாக ஒரு வாய் திறந்தோம். அதற்கு மூடியே வைக்கவில்லை. எந்த நேரமும் காற்று போக ஒரு வழி இருக்கும், பின்னால் இருப்பவருக்குக் காலும் குளிராது. அதன் பிறகு நிற்கவில்லை.

அண்ணை இன்னொரு வேலையும் பார்த்தார். எஞ்சினின் கீழே 65 முதல் 70 பாகையில் விரியும் ஒரு தேர்மோஸ்ரற்றும், அது இயக்கும் மடல்களும் இருக்க வேண்டும். எஞ்சின் சூடேறும்வரை குளிர்காற்றை மறிப்பவை. அவற்றையும் இங்கே பலர் கழற்றிவிடுவார்கள். எங்கேயோ ஒரு பழைய எஞ்சினில் இருந்து ஒரு செற் எடுத்துப் பூட்டினார். குளிர் இடத்தில் எஞ்சின் சூடேறாமலே ஓடிக்கொண்டிருந்தால் எண்ணெயில் ஈரம் தங்கிச் சேறு போலாகும்.

29 டிசம்பர், ஞாயிறு

பரீட்சை ஓட்டம். வெளியே 27 பாகை. ஜன்னல்களை மூடி, ஹீற்றரைப் போட்டு, பலாலி வீதியில் போனோம். கோண்டாவில் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் எங்களைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. நானும் அண்ணையும் சேட்டெல்லாம் நனைந்து, அலாரத்தின் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டே போகிறோம். சுழியத்திலேயே நின்றது. அதற்காகத்தான் இந்த வேர்வை.

பம்ப் மட்டும் "டிக் டிக்" என்று சத்தம் போடுகிறது. ரப்பர் வைத்துக் கட்டியும் நிற்கவில்லை.

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல். கார் கழுவிச் சந்தனம் வைத்தாயிற்று. வேறொன்றும் நடக்கவில்லை.

18 ஜனவரி, சனி

நேற்று விடிய முன் வெளிக்கிட்டு A9 வீதி வழியாகக் கண்டிக்கு வந்து தங்கினோம். 321 கிலோமீற்றர், வழியில் ஆனையிறவில் தேத்தண்ணீர், தம்புள்ளையில் சாப்பாடு. அவ்வளவு தூரமும் ஹீற்றரை நினைக்கவே தேவையிருக்கவில்லை.

இன்று கம்பளை, புசல்லாவை தாண்டியதும் காற்று மாறியது. இறம்பொடை அனுமார் கோவிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி ஏறியபோது நாலு மணி, எதிரே மலை தெரியவில்லை. ஹீற்றரைப் போட்டேன். மூன்று நிமிடம் ஒன்றுமில்லை, பிறகு காலடியில் இளஞ்சூடு. ஏறிவரும் லொறி ஒன்றின் பின்னால் முதலாம் கியரில் நீண்ட நேரம் ஊர்ந்தோம். கண்ணாடியின் கீழ் விளிம்பில் இருந்து இரண்டு பக்கமும் தெளிவு மெல்ல மேலே ஏறி நடுவில் சேர்ந்தது. எஞ்சின் தூங்கினாலும் சூடு அதே அளவில் வந்துகொண்டிருந்தது, எனக்கு வேண்டியதும் இதுதான்.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் குறையுங்கோ, வேர்க்குது" என்றாள் மனைவி. போன வருடம் துவாயோடு மல்லுக்கட்டியவள்.

உயரம் ஏற ஏற எஞ்சினுக்கு மூச்சு முட்டியது. நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் காற்று மெலிந்து, பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதற்கு எந்த ஹீற்றரும் உதவாது.

19 ஜனவரி, ஞாயிறு

காலை 7 பாகை. எஞ்சினைத் தொடாமல் ஹீற்றரை மட்டும் போட்டுவிட்டு உள்ளே போய்க் கோப்பி குடித்தேன். திரும்பி வந்தபோது கண்ணாடியில் ஒரு துளி ஈரம் இல்லை. மருமகனின் புதுக் காரில் இந்த வசதி இல்லை என்பதை இரண்டு தடவை சொல்லிக்காட்டினேன்.

ஆனால் ஸ்ரார்ட் செய்து கிரகறி வாவிப் பக்கம் போனதும் எஞ்சின் தடுமாறி ஐடிலில் நின்றது. மூடியைத் திறந்தால் காபரேற்றருக்குக் கீழே உள்ள குழாயில் வெள்ளை வெளேரென்று உறைபனி. பெற்றோல் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், ஈரக் காற்று அங்கேயே உறையும். சிலிண்டர் பக்கமிருந்து சூடான காற்றை எடுக்கும் குழாய் எயார் கிளீனரில் செருகப்படாமல் தொங்கியது. ஊரில் அதைச் செருகிவைக்க யாருக்கும் தோன்றாது. செருகிக் கிளிப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டதும் சீராகியது. அண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "மனிசருக்கு முதல் எஞ்சினுக்குக் குடுத்திருக்கோணும்" என்றார்.

26 ஜனவரி, ஞாயிறு

கோண்டாவில். ஹீற்றரைக் கழற்றி வைப்போமா என்று அண்ணை கேட்டார், வேண்டாம் என்றேன். ஓடாமல் கிடந்தால் குழாயில் டீசல் பிசினாகிப் பம்ப் இறுகும், ஆகவே மாதத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடமாவது முழுச் சூட்டில் ஓடவிட வேண்டும். அணைத்த பிறகும் ஃபான் தானாகச் சில நிமிடம் சுற்றி எரியறையை ஆற்றும், அதற்குள் பற்றரி சுவிச்சை நிறுத்தக்கூடாது என்று டாஷ்போர்டில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன், மகன் எடுத்து ஓட்டுவான் என்பதால்.

மே மாதத்து ஓட்டத்துக்கு அண்ணை வரமாட்டாராம்.