450 சுகரில் வாழும் செல்கள்

டிசம்பர், ஜனவரியில், செல் வளர்க்கும் எங்கள் ஊட்டி லேபில் காலை வேலை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் பாட்டிலை உருக்குவதில்தான் தொடங்கும். 18.5 டிகிரிக்குக் கீழே அது கெட்டிப்பட்டுவிடும். கோயம்புத்தூரில் படித்த காலத்தில் மேஜைமேல் அது எப்போதும் திரவம்தான். ஊட்டியில் வெயில் ஏறுகிறவரை கட்டி.

செல் வளர்க்கும் கையேடுகள் எல்லாம் சமவெளிக்காரர்கள் எழுதியவை என்பது இங்கே வந்தபிறகுதான் உறைத்தது. 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். நீராவியை அழுத்திக் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் 15 பவுண்டு அழுத்தத்துக்கு 121 டிகிரி என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். இங்கே முள் 15-ல் நிற்கும்போது உள்ளே 117 பக்கம்தான் இருக்கும். 121 வேண்டுமென்றால் 18-ஐத் தாண்டவேண்டும். செல் வளரும் இன்குபேட்டர் பெட்டிக்குள் விடும் கார்பன் டை ஆக்சைடும் அப்படித்தான். வழக்கமான 5 சதவீதத்தில் வைத்தால் மீடியாவில், அதாவது செல்லுக்கு ஊட்டும் சத்துத் திரவத்தில், காரம் ஏறி, நிறம் ஊதா பக்கம் சாயும். ஆறரை வரை ஏற்றினால்தான் சரிப்படும்.

அடுத்தது ஆக்சிஜன்; காற்றழுத்தம் குறைந்தால் அதுவும் குறையும். நான் பார்ப்பது செல்களின் முதுமை என்பதால் இதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற மனித இணைப்புத் திசு செல்கள் ஐம்பது தடவை அளவில் பிரிந்ததும் நின்றுவிடும் என்று ஹேஃப்லிக்கும் மூர்ஹெட்டும் 1961-ல் எழுதினார்கள். நின்ற செல் சாவதில்லை. தட்டையாக, பெருத்துப்போய்க் கிடக்கும். ஆனால் ஆக்சிஜனைக் குறைத்து வளர்த்தால் அதே வகைச் செல்கள் இன்னும் சில தடவை கூடுதலாகப் பிரியும் என்பதும் 1977-லேயே தெரிந்துவிட்டது. அப்படியென்றால் ஊட்டி இன்குபேட்டரில் வளரும் செல்லையும் சென்னையில் வளரும் செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எப்படி ஒப்பிடுவது? அதனால் இங்கே நடப்பதை இங்கேயே வளர்த்த செல்லோடு மட்டும்தான் ஒப்பிடுகிறேன்.

முதிர்ந்த செல்லைக் கண்டுபிடிக்க பீட்டா கேலக்டோசிடேஸ் சாயம் போடுவோம். 1995-ல் வந்த முறை. பிஎச் சரியாக 6-ல் இருக்கவேண்டும், கார்பன் டை ஆக்சைடு இல்லாத இன்குபேட்டரில் ராத்திரி முழுக்க வைக்கவேண்டும். காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முதிர்ந்தவை நீலமாக இருக்கும். அழகுதான். ஆனால் இளம் செல்களையும் பல நாள் நெருக்கியடித்து வளரவிட்டால் நீலமாகிவிடும். நீலத்தை மட்டும் நம்பி நான் ஒன்றும் எழுதுவதில்லை.

வளர்சிதை மாற்றம் பக்கம் போனால் கதை இன்னும் வேடிக்கை. வழக்கமாக வாங்கும் ‘ஹை குளுக்கோஸ்’ மீடியாவில் லிட்டருக்கு 4.5 கிராம் சர்க்கரை. நம் ரத்தப் பரிசோதனைக் கணக்கில் 450. டாக்டர் பார்த்தால் அப்போதே அட்மிட் பண்ணச் சொல்வார்! அவ்வளவு சர்க்கரையில் மிதக்கும் ஹெப் ஜி2 ஈரல் செல்கள் சர்க்கரையை உடைத்தே ஆற்றல் எடுத்துக்கொள்ளும்; செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியாவின் தயவு அவ்வளவாகத் தேவைப்படாது. ரோட்டினோன் மாதிரியான மைட்டோகாண்ட்ரியா விஷத்தைக் கொடுத்தாலும் பெரிதாகப் பாதிக்காது. குளுக்கோஸை எடுத்துவிட்டு கேலக்டோஸ் என்ற வேறு சர்க்கரையைக் கொடுங்கள், அதே அளவு விஷத்தில் மடியும். மருந்து ‘பாதுகாப்பானது’ என்று எழுதியிருந்தால் நான் முதலில் தேடுவது மீடியா எது என்பதைத்தான்.

இப்போது டீ. நீலகிரியில் இருந்துகொண்டு அதைத் தொடாமல் இருக்கமுடியுமா? கோத்தகிரி பக்கம் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் தோட்டம், சொந்தமாக கிரீன் டீ பாக்கெட் போடுகிறார். பச்சை இலைக்கு விலை இல்லாததால் ஆரம்பித்தது. “ஏம்மா, உன் லேபில போட்டுப் பாத்து சுகர் குறையும், வயசு குறையும்னு ஒரு வரி எழுதிக் குடேன்” என்று கேட்டார்.

செல் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க நாங்கள் எல்லோரும் போடுவது எம்டிடி. மஞ்சள் பொடியை உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும்; அதை டிஎம்எஸ்ஓவில் கரைத்து 570 நானோமீட்டரில், நிறத்தை அளக்கும் ரீடரில் வைத்துப் படிப்போம். டீயில் இருக்கும் கேட்டச்சின்கள் செல்லே இல்லாத கிணற்றிலும் (பிளேட்டில் உள்ள சின்னக் குழியைத்தான் அப்படிச் சொல்வோம்) அந்த மஞ்சளை ஊதாவாக்கிவிடும். செத்த பிளேட்டைக்கூட ரீடர் உயிரோடிருப்பதாகச் சொல்லும். தலைகீழாகவும் நடக்கும்: இதே கேட்டச்சின்கள் மீடியாவில் ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும், செல்கள் சாகும். ‘கிரீன் டீ புற்றுநோயைக் கொல்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் வருவதில் எத்தனை இப்படி வந்ததோ. பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதியைக் கூடவே போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: அப்போது செல்கள் பிழைத்தால் கொன்றது பெராக்சைடு. எம்டிடிக்குப் பதிலாக, செல்லின் புரதத்தைச் சாயமேற்றி அளக்கும் எஸ்ஆர்பி முறையையும் வைத்துக்கொள்ளலாம். செல் இல்லாத கிணறுகள் கட்டாயம் வேண்டும்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகவே கேட்டார்.

“சரி, அப்போ பாக்கெட்ல என்னதான் போடறது?”

“எந்த மாசம் பறிச்ச இலைன்னு போடுங்க சித்தப்பா. அது உங்களுக்கு நிச்சயமாத் தெரியும்.”

போன வாரத்திலிருந்து போடுகிறார்.