அடிக்கச் சொன்ன ஒரு வரி

முதுகலை மாணவி ஒருவரின் ஆய்வேட்டிலிருந்து ஒரே ஒரு வரியை அடிக்கச் சொன்னேன். அப்போது அவர் கேட்ட கேள்விக்கு நிறைவான பதில் இன்னும் என்னிடம் இல்லை.

“தாமிர ஆக்சைடுகளில் எலக்ட்ரான்கள் இணை சேர்வதற்கு அவற்றின் விலக்கமே காரணம் என்பது இதனால் நிறுவப்படுகிறது” என்பதே அந்த வரி. விலக்கம் என்றால் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவது. மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் மீக்கடத்தலுக்கோ அவை இணை சேர வேண்டும். அவர் எடுத்துக்கொண்டது, திண்மத்தில் எலக்ட்ரான்களின் போக்கை விளக்கும் எளிய கணித மாதிரியான ஹப்பர்டு மாதிரி. அதில் எலக்ட்ரான் பக்கத்துத் தளத்துக்குத் தாவலாம். ஒரே தளத்தில் இரண்டு அமர்ந்தால் ஆற்றல் கூடும். சதுரமாக நான்கு தளங்கள் என்றால் மொத்தம் 256 நிலைகள்தாம், தோராயம் எதுவுமின்றித் தீர்த்துவிடலாம். தீர்த்தார். இரண்டு சதுரங்களில் சதுரத்துக்கு ஒரு துளையாக (துளை என்பது ஓர் எலக்ட்ரான் குறைந்த இடம்) இருப்பதைவிட, இரண்டு துளைகளும் ஒரே சதுரத்தில் சேர்ந்திருந்தால் மொத்த ஆற்றல் குறைந்தது. ஈர்ப்பு என்று எதையுமே எழுதாத சமன்பாட்டிலிருந்து இணை பிறப்பதைக் கண்ட மகிழ்ச்சியில் வரைபடத்தோடு வந்து நின்றார். விலக்கம் கூடக்கூட அந்த ஆற்றல் வேறுபாடு மாறுவதைக் காட்டும் வளைகோடு சுழியைக் கடக்கும் இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்.

என் தடையும் அந்த வட்டத்தில்தான் இருந்தது. விலக்க ஆற்றல் தாவல் ஆற்றலைப்போல் ஏறத்தாழ 4.6 மடங்கைத் தாண்டியதும் இணைப்பு அற்றுப்போகிறது. தாமிர ஆக்சைடுகளுக்கு வழக்கமாகக் கொள்ளும் மதிப்போ 8 அளவில் இருக்கிறது.

“நாலு கல்லைப் பாத்துட்டு வளவு முழுக்க இதே பூதான்னு எழுதலாமாம்மா?” என்றேன். அவர் பூ வேலைப்பாடுள்ள ஆத்தங்குடித் தரைக்கல் பாவிய வீட்டில் வளர்ந்தவர்.

“நாலு கல்லுல இல்லாத பூ வளவுல மட்டும் எங்கேருந்து சார் வரும்?”

அதற்குமேல் வாதாடாமல் வரியை அடித்துவிட்டார்.

1986இல் இயற்பியலாளர்கள் பெட்னார்ஸும் முல்லரும் லாந்தனம், பேரியம் கலந்த தாமிர ஆக்சைடில் மீக்கடத்தலைக் கண்டபின், 1987இல் கோட்பாட்டு இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சனும், அவருடன் பணியாற்றிய நம் கணபதி பாஸ்கரனும் தொடங்கியது இதே நம்பிக்கையிலிருந்துதான்: மின்சாரம் கடத்தாத காப்புப்பொருளாக இருக்கும்போதே எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் (spin) இணை சேர்ந்திருக்கின்றன, துளைகள் புகுந்ததும் அந்த இணைகள் ஓடத் தொடங்குகின்றன. அவர்களுக்கு இருந்த துணிவை இந்தப் பெண்ணுக்கு மறுத்துவிட்டேனோ என்று சில நாள் தோன்றும். அவர்கள் முன்வைத்தது கருதுகோள், இவர் எழுதியது ‘நிறுவப்படுகிறது’ என்று உடனே சமாதானமும் சொல்லிக்கொள்வேன்.

அந்தச் சமாதானமும் நிலைப்பதில்லை. பக்கத்துத் தளத்துக்கு மட்டும் தாவல் உள்ள தூய மாதிரியில், நடைமுறைக்கு ஒத்த விலக்க அளவில், மின்னேற்றம் வரிவரியாகத் திரளும் பட்டைகளே எழுகின்றன, மீக்கடத்தல் இல்லை என்று 2020இல் ஒரு பெருங்கணக்கு காட்டியது. மூலைவிட்டத் தாவலையும் சேர்த்தபோது பட்டைகளோடு மீக்கடத்தலும் தோன்றுவதாக 2024இல் இன்னொன்று வந்தது. முதலாவதைப் படித்தபோது வரியை அடிக்கச் சொன்னது சரி என்றிருந்தது. இரண்டாவதைப் படித்தபோது, விலக்கத்திலிருந்தே இணை பிறக்கிறது என்ற அவருடைய உள்ளுணர்வு அதைவிடச் சரியாகப் பட்டது.

வாய்மொழித் தேர்வில் அவருக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பதாக இருந்தவர் பள்ளி ஆசிரியராகிவிட்டார். வீட்டுச் சூழல்தான் காரணம் என்கிறார்கள். நானும் அப்படியே எண்ணிக்கொள்கிறேன்.

மூலைவிட்டத் தாவலைச் சேர்க்க அவருடைய நிரலில் ஓரிரு வரிகள் போதும். அது நான்கு தளங்களில் என்ன செய்யும் என்பதை இந்தப் பருவத்து மாணவர் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவுரையை முதலில் அவர் விருப்பப்படியே எழுதட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.