சமாதானத்தின் இராக்கினியே

அம்மா நேர்ந்துகொண்ட பொருத்தனையை நான் போய்ச் செலுத்திவிட்டு வந்தேன். தம்பிக்குப் புதுநன்மை, அதாவது முதல்முறை திவ்விய நற்கருணை, வாங்கும் வயதில் விடாத காய்ச்சல். பிழைத்தால் பத்தாம் பத்திநாதர் பாதத்தில் செபமாலை வைக்கிறேன் என்று அம்மா அழுதாராம். ஏழு வயதுப் பிள்ளைகளும் நன்மை வாங்க 1910-இல் வழிசெய்த பாப்பரசர் (போப்) அல்லவா அவர்! தம்பிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கோ முழங்கால் வலி. அதனால் ஆகஸ்ட் 21, புனிதரின் திருநாளன்று, ரோமில் பேதுரு பேராலயத்து வரிசையில் நான் நின்றேன்.

என்ன வெயில்! இரண்டரை மணி நேரம். நடுவே ஆட்கள் வந்து, "காசு கொடுங்கள், உடனே உள்ளே விடுகிறோம்" என்று கையைப் பிடிக்காத குறை. கோவிலுக்குள் போகக் கட்டணமே கிடையாது. வயதானவர்கள் பாவம், ஏமாறுகிறார்கள்.

சரி, உள்ளே போனேன். இடப்பக்கச் சிற்றாலயம். பீடத்தின் அடியில் கண்ணாடிக்குப் பின்னால் பத்திநாதரின் உடல் கிடத்தப்பட்டிருக்கிறது. முகத்தில் வெள்ளிக் கவசம். செபமாலையை அங்கே விட்டுவிட்டு வர முடியாதாம். படியில் ஒரு நிமிடம் வைத்து எடுத்துக்கொள்ளக் காவலர் சைகை காட்டினார். ஆண்டவரே, அந்த ஒரு நிமிடம் போதும்!

நிமிர்ந்தால் பக்கத்துச் சுவரில் இன்னொரு பாப்பரசர், முழந்தாளில் நின்று செபிக்கும் சிலை. அவருக்குக் கீழே ஒலிவக் கிளைகள். மேலே தீப்பற்றி எரியும் உலகத்துக்கு மாதா குழந்தை இயேசுவைக் காட்டுகிறார். பதினைந்தாம் ஆசீர்வாதப்பர். பத்திநாதர் படியில் விழுந்து கும்பிட்ட எனக்கு, ஆசீர்வாதப்பர் சிலை இங்கே இருப்பதே தெரியாது.

1914 ஆகஸ்ட் 20. ஜெர்மானியப் படை பிரஸ்ஸல்ஸுக்குள் நுழைந்த அதே நாளில் பத்திநாதர் இறந்தார். முதல் உலகப்போர் மூண்ட துக்கமே அவரைக் கொண்டுபோனது என்பார்கள். அப்புறம் அடுத்த பாப்பரசரைத் தேர்ந்தெடுக்க, சண்டை போட்டுக்கொண்டிருந்த நாடுகளின் கர்தினால்கள், அதாவது அந்த வாக்குரிமை உள்ள திருச்சபைத் தலைவர்கள், ஒரே சிற்றாலயத்தில் கூடினார்கள். பெல்ஜியத்து மெர்சியே கர்தினாலும் அங்கே இருந்தார். அந்த நாள்களில்தான் அவருடைய நாட்டில் லூவேன் நூலகம் எரிந்தது. பக்கத்தில் ஜெர்மானியக் கர்தினால்கள்! செப்டம்பர் 3-இல் தேர்வானவர், கர்தினாலாகி மூன்று மாதமே ஆன போலோஞ்ஞா பேராயர். அவர்தான் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர். சின்ன உருவம். போரை நிறுத்துங்கள் என்று கெஞ்சினார், 1917-இல் சமாதான யோசனையே எழுதி அனுப்பினார், ஒருவரும் கேட்கவில்லை. அதே 1917-இல்தான், மாதாவைப் பல பெயர்களால் அழைத்து வேண்டும் மன்றாட்டு மாலையில் ஒரு வரியைச் சேர்த்தார்.

அம்மா தினமும் இரவு சொல்லும் வரி. பாதித் தூக்கத்தில் நானும் தம்பியும் பதில் சொன்ன வரி.

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். "வச்சுட்டேன்மா" என்றேன். அந்தப் பக்கம் விசும்பல். "மன்றாட்டு மாலை சொல்லுவோமாப்பா?" என்றார். அந்தச் சதுக்கத்துக் கூட்டத்தில், வெயிலில், நின்றபடியே சொன்னோம். கடைசியில் அம்மா, "சமாதானத்தின் இராக்கினியே" என்றார்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."