நாலாயிரத்தைத் தாண்டாமல் ஆல்ப்ஸ்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரியாவின் க்ரோஸ்குளொக்னர் மலைச்சாலைக்குப் போகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் டோல்கேட்டைத் தாண்டிவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் போனால், நாற்பது யூரோவுக்கு மேல் கட்டிவிட்டுச் சுற்றுலா பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டே மலை ஏற வேண்டியதுதான். வழி, செலவு, தங்குமிடம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் நேற்று ராத்திரிதான் ஸ்டுட்கார்ட் வந்து சேர்ந்தோம், காதில் அந்த ஆறு சிலிண்டர் சத்தம் இன்னும் அடங்கவில்லை. வரிசை வந்தால் வரட்டும்.

கார், போர்ஷே 718 கேமன் ஜிடிஎஸ் 4.0. நான்கு லிட்டர், டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சின் (பக்கத்துக்கு மூன்றாகச் சிலிண்டர்கள் படுத்திருக்கும்), 400 குதிரைத்திறன், கையால் போடும் ஆறு கியர், இரண்டே சீட். இவ்வளவு காசு போட்டு இப்போது ஏன் வாங்கினாய் என்று கேட்காத ஆள் இல்லை. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கிற புதுக் கார் எல்லாவற்றுக்கும் புதிய சைபர் பாதுகாப்பு விதி கட்டாயமானது. 718-இன் மின்னணு அமைப்பு பழைய தலைமுறை. அதை மாற்றுவதைவிட இங்கே விற்பதை நிறுத்திவிடுவது லாபம் என்று கம்பெனி முடிவெடுத்துவிட்டது. அதாவது இந்த எஞ்சினோடு புதிதாக வாங்க அதுதான் கடைசிச் சந்தர்ப்பமாக இருந்தது. இந்த நியாயத்தை நான் மனைவியிடம் சொன்னபோது, "எல்லா ஆடித் தள்ளுபடியும் கடைசிச் சந்தர்ப்பம்தாங்க" என்றாள். அப்புறம் அவளேதான் கலர் தேர்ந்தெடுத்தாள்.

மாதத் தவணை எங்கள் வீட்டு வாடகையை எட்டிப் பிடிக்கிறது. அதனால் சீசன் நம்பர் பிளேட் வாங்கியிருக்கிறோம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் கார் ரோட்டில் ஓடலாம், வரியும் இன்சூரன்ஸும் அந்த ஏழு மாதத்துக்கு மட்டும். மிச்ச மாதங்களில் தெருவோரம்கூட நிறுத்தக் கூடாது. ஆகவே கராஜ் வாடகை. மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும், இருந்தாலும் பரவாயில்லை.

சுஃபன்ஹௌசன் ஆலையிலேயே போய்ச் சாவி வாங்கினோம். அதைப் பற்றித் தனியாக எழுதலாம், இங்கே வேண்டாம். சாவி கொடுத்தவர் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம்: முதல் மூவாயிரம் கிலோமீட்டர் வரை எஞ்சின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தாண்டக் கூடாது. முள் போகக்கூடியது 7,800 வரை. அதாவது காசு கொடுத்து வாங்கியதில் பாதியைத்தான் இப்போது தொடலாம். சும்மா ஊருக்குள் கடைக்குப் போய் வந்தால் எஞ்சின் பழகாது, நீண்ட பயணம் போனால் நல்லது என்று கையேடும் சொல்கிறது. வேறென்ன காரணம் வேண்டும்?

ஆட்டோபானைப் பற்றி நம் ஊரில் ஒரு பெரிய கனவு இருக்கிறது. வேகக் கட்டுப்பாடு கிடையாது, பறக்கலாம் என்று. ஸ்டுட்கார்ட்டிலிருந்து மியூனிக் போகும் ஏ8-இல் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஓட்டிப் பாருங்கள், கனவு கலைந்துவிடும். வேலை நடக்கிற இடம், லாரி வரிசை, 120, 100, 80, மறுபடி லாரி. திறந்த சாலை கிடைத்தாலும் ஆறாவது கியரில் நாலாயிரம் என்றால் 165 கிலோமீட்டரை ஒட்டித்தான் வருகிறது. டீசல் வேன்கள் விளக்கைப் போட்டுப் போட்டு என்னை விலகச் சொல்லிக் கடந்து போயின. மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெட்டிப் பேச்சு வேண்டாம், இந்த மாதிரிக் காருக்கு ஆட்டோபான் சுத்த வேஸ்ட். ஒரு விஷயம் மட்டும் ரசித்தேன். நிதானமாக ஓட்டும்போது எஞ்சின் மூன்று சிலிண்டரை அணைத்துவிட்டு மூன்றில் ஓடுகிறது. ஒரே பக்கம் ஆறிப்போகாமல் இருக்க, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பக்கத்தை மாற்றிக்கொள்கிறது. கூர்ந்து கேட்டால் சத்தம் மாறுவது தெரியும். "காருக்கே நம்ம பட்ஜெட் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

பட்ஜெட் என்றதும் ஒரு உபாயம். ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு வின்யெட் என்கிற சாலைக் கட்டணச் சீட்டு வேண்டும், 2024-இல் பத்து நாள் வின்யெட் 11.50 யூரோ. ஆனால் ரோசன்ஹைம் பக்கமாக உள்ளே வந்தால், எல்லையிலிருந்து குஃப்ஸ்டைன் தெற்கு வரை வின்யெட் தேவையில்லை. அங்கே இறங்கி கிட்ஸ்ப்யூல், துர்ன் கணவாய், மிட்டர்சில் என்று ஊர்ச் சாலையில் போனால் க்ரோஸ்குளொக்னர் அடிவாரம் வரை ஒரு பைசா கட்ட வேண்டாம். சாலையும் அருமை.

இனி அந்த விடுதி. பேர் சொல்லமாட்டேன். ட்ஸெல் ஏரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. பதிவு செய்யும்போது "இலவச வாகன நிறுத்தம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், அதனால்தான் அதையே எடுத்தோம். வரவேற்பில் இருந்த அம்மாள் எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். வெளி நிறுத்தம் மோட்டார் சைக்கிள் குழுவுக்கு ஒதுக்கியாகிவிட்டது, நீங்கள் கீழ்த்தளக் கராஜில் விடுங்கள், ராத்திரிக்கு 18 யூரோ என்றார். இலவசம் என்றுதானே போட்டிருக்கிறீர்கள் என்றால், அது வெளி நிறுத்தத்துக்கு என்கிறார். வெளியே ஐந்தாறு இடம் காலியாகக் கிடக்கிறது. பைக்காரர்கள் எங்கே என்றால், வருவார்கள். ராத்திரி பத்து மணிவரை ஒரு பைக்கும் வரவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார் ஒன்று அதே இடத்தில் ஜம்மென்று நின்றது, அதனிடம் யாரும் காசு கேட்கவில்லை.

காசு கூடப் போகட்டும். அந்தக் கராஜ் சரிவு இருக்கிறதே! தெருவிலிருந்து வெடுக்கென்று இறங்குகிறது, கீழே சமதளம் தொடங்கும் இடத்தில் ஒரு முறிப்பு. இந்தக் காரின் மூக்குக்கும் தரைக்கும் இடையே ஒரு கை அளவுதான் இருக்கும். நேராக இறங்கினால் முன் விளிம்பு உரசும். கோணலாக, ஒரு சக்கரம் முதலில் இறங்குகிற மாதிரி, இஞ்ச் இஞ்சாக விட வேண்டும். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து, போன் விளக்கை அடித்து, "நில்லுங்க, நில்லுங்க... ஒரு விரல் இருக்கு... வாங்க... ஐயோ நில்லுங்க" என்று வழிகாட்டினாள். கிளட்ச் வாசனை வந்துவிட்டது. மேலே பால்கனியில் ஒருவர் பியர் கோப்பையோடு நின்று முழுசாக வேடிக்கை பார்த்தார். உரசாமல் இறக்கிவிட்டோம். காலையில் ஏற்றுவது இன்னொரு கதை. தாழ்ந்த கார் வைத்திருப்பவர்கள் அறை பதிவு செய்யுமுன் போன் போட்டு, "நிறுத்தம் தரைமட்டத்திலா, கீழ்த்தளத்திலா, சரிவு எப்படி" என்று கேட்டுவிடுங்கள். மெத்தை எப்படி இருந்தால் என்ன.

சரி, மலை. 1935-இல் திறந்த சாலை, 48 கிலோமீட்டர். 36 கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்டு, உயரம் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். ஃபெர்லைட்டன் டோல்கேட்டில் கார்டை நீட்டும்போது நெஞ்சு வலித்தது உண்மை. முதல் நான்கு வளைவிலேயே வலி போய்விட்டது.

ஆட்டோபானில் எரிச்சலூட்டிய அந்த நாலாயிரம் வரம்பு இங்கே சுத்தமாக மறந்துபோகிறது. இந்தக் காரின் கியர்கள் நீளமானவை. இரண்டாவது கியரில் நாலாயிரம் என்றால் எழுபது கிலோமீட்டரை நெருங்கிவிடும். கொண்டை ஊசிகளுக்கு நடுவே அதற்கு மேல் யாருக்கு வேண்டும்? வளைவுக்கு முன் பிரேக், மூன்றிலிருந்து இரண்டு, வண்டியே எஞ்சின் சுற்றை ஏற்றிக் கியரைப் பதமாக உள்ளே விடுகிறது, ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே திரும்புகிறது. எஞ்சின் முதுகுக்குப் பின்னால், இரண்டு அச்சுக்கும் நடுவில் இருப்பதால், கார் தன் நடுப்புள்ளியில் சுழல்வது இடுப்பில் தெரிகிறது. மெதுவாக ஓட்டும்போதே இதெல்லாம் தெரிகிறது என்பதுதான் நான் எதிர்பார்க்காதது. நானூறு குதிரையையும் அவிழ்த்துவிட்டிருந்தால் பயத்தில் எதையும் கவனித்திருக்க மாட்டேன்.

அங்கே நானூறும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாலை மலையைக் கடக்கும் ஹோக்டோர் கணவாய் 2,504 மீட்டர். அந்த உயரத்தில் காற்று அவ்வளவு மெலிது, டர்போ இல்லாத எஞ்சின் தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். மிதித்தால் கொஞ்சம் சோர்வாகத்தான் பதில் வருகிறது. ஜூன் மாதத்தில் சாலையின் இருபுறமும் பனிச்சுவர், வெளியே மூன்று டிகிரி. கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் இந்தக் குளிரில் இறுகிவிடும், பிடிப்பு குறையும். நிழல் விழுந்த வளைவுகளில் பனி உருகி வழிந்த ஈரம் வேறு. பாட்டி வேகத்தில்தான் போனேன்.

உச்சியில் ஒரு சிறு சுரங்கப்பாதை. ஜன்னலை இறக்கிவிட்டு 3,900 வரை மிதித்தேன். அந்தச் சத்தத்தை எழுதத் தெரியவில்லை. வெளியே வந்ததும் மனைவி சொன்னது: "ஏங்க, திரும்பி ஒருவாட்டி போலாமா?" டோலுக்குக் கட்டிய காசு அங்கேயே வசூலாகிவிட்டது.

எடல்வைஸ் முனைக்கு ஏறும் கிளைச்சாலை கல் பாவியது, குறுகல். கார் குலுங்கினாலும் போங்கள், முப்பதுக்கும் மேற்பட்ட மூவாயிரம் மீட்டர் சிகரங்கள் வட்டமாகத் தெரியும். பாஸ்டர்ட்ஸ பனியாற்றைப் பார்க்கும் இடத்தில் மனம் கனத்தது. ஒரு காலத்தில் பனியருகே இறக்கிவிட்ட கேபிள் ரயிலின் கீழ் முனையிலிருந்து இன்று பனி எங்கேயோ தள்ளிக் கிடக்கிறது. நூறு கிலோமீட்டருக்குப் பதினோரு லிட்டர் குடிக்கும் காரில் வந்து இறங்கிவிட்டு இதைப் பற்றி நான் நீதி பேசக் கூடாது.

ஹைலிகன்ப்ளுட் பக்கம் இறக்கம் நீளமானது. புது பிரேக் தட்டுகள் பழகச் சில நூறு கிலோமீட்டர் ஆகும் என்பதால் இரண்டாவது கியரிலேயே எஞ்சினை விட்டுப் பிடித்தபடி இறங்கினேன். அப்புறம் ம்யோல் பள்ளத்தாக்கு, ஊர் ஊராக 50 பலகை. கவனம். 2024 மார்ச் முதல் ஆஸ்திரியாவில் ஒரு சட்டம்: ஊருக்குள் வரம்புக்கு மேல் 60, ஊருக்கு வெளியே 70 அதிகம் போய்ப் பிடிபட்டால் காரையே பறிமுதல் செய்யலாம். அதையும் மிஞ்சினால் ஏலமே விட்டுவிடலாம். தவணை மட்டும் நம்மிடம் இருக்கும். நான் 48-இல் போனேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வழியோர உணவகம் ஒன்று. கேர்ன்டன் மாநிலத்தின் காஸ்நூடல் கேட்டு வாங்குங்கள். மாவுக்குள் தயிர்ப்பாலாடை, உருளைக்கிழங்கு, புதினா வகைக் கீரை வைத்து, நம் சோமாசி போல ஓரத்தை விரலால் முறுக்கி முறுக்கி மடித்து, வேகவைத்து, மேலே பொன்னிறமாய் உருக்கிய வெண்ணெய். சைவம்! ஆல்ப்ஸில் சைவம் என்றால் பொரித்த சீஸ்தான் என்று சலித்துப்போனவர்களுக்கு இது வரம். ஓரம் மடிக்கத் தெரியாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று அங்கே ஒரு பழமொழி உண்டாம், பரிமாறிய பெண்ணே சிரித்துக்கொண்டு சொன்னார். "மாப்பிள்ளைக்கு மடிக்கத் தெரியுமான்னு கேளுங்க" என்றாள் என் மனைவி. இரண்டு தட்டு, ஆப்பிள் ஜூஸ், எல்லாம் சேர்த்து அந்தக் கராஜ் காசைப் போல ஒன்றரை மடங்குதான். மறக்கமாட்டேன், அந்தக் கராஜை.

க்முண்ட் சின்ன ஊர். 1944-இல் குண்டுவீச்சுக்குத் தப்பி ஸ்டுட்கார்ட்டிலிருந்து போர்ஷே அலுவலகம் இங்கே ஒரு மர அறுவை ஆலை வளாகத்துக்கு வந்தது. முதல் போர்ஷே, 356 நம்பர் 1, இங்கேதான் பிறந்து 1948 ஜூன் 8 அன்று சாலை அனுமதி வாங்கியது. 1982 முதல் இயங்கும் தனியார் அருங்காட்சியகத்தில் அலுமினியத் தகட்டை வைத்து அடித்து உடல் செய்த மர அச்சு இருக்கிறது. அதைத் தொடும் தூரத்தில் நின்று பார்த்தேன். ஸ்டுட்கார்ட்டின் பளபள அருங்காட்சியகத்தைவிட இது எனக்குப் பத்து மடங்கு பிடித்தது. நம்பர் 1-க்கு 35 குதிரைத்திறன், எடை அறுநூறு கிலோவுக்கும் குறைவு, எஞ்சின் என் கேமனைப் போலவே நடுவில். பிறகு வந்த 356-களில் எஞ்சினைப் பின்னால் தள்ளிவிட்டார்கள், போர்ஷேயின் பேர்போன 911-இலும் இன்றுவரை அங்கேதான். "911 வாங்கக் காசில்லாதவன் கேமன் வாங்குவான்" என்று அலுவலகத்தில் ஒருவர் கிண்டலடித்தார். அவருக்கு இந்தப் பத்தியை அனுப்பப் போகிறேன்.

மறுநாள் நொக்ஆல்ம் சாலை. 35 கிலோமீட்டர், 52 வளைவு, பசுமை, மாடுகள். க்ரோஸ்குளொக்னரைவிடக் கட்டணமும் குறைவு, கூட்டமும் குறைவு. ஓட்டுவதற்கு மட்டும் என்றால் இதற்குத்தான் என் ஓட்டு. அங்கே முழுக்க மனைவிதான் ஓட்டினாள், என்னைவிட நிதானமாக, என்னைவிட நன்றாக. மாடு சாலையில் படுத்திருந்தால் ஹார்ன் அடிக்காதீர்கள், அது எழாது.

திரும்பும்போது நேரமில்லாமல் ஏ10 நெடுஞ்சாலை. புதுக் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்ட மனசு வரவில்லை என்று டிஜிட்டல் ஒருநாள் வின்யெட், 2024-இல் 8.60 யூரோ. தௌவர்ன் சுரங்கத்துக்குத் தனிக் கட்டணம். பெட்ரோல் 98 ஆக்டேன்தான் போட வேண்டும். எல்லைக்கு முன் ஆஸ்திரியாவிலேயே, நெடுஞ்சாலையை விட்டு இறங்கி நிரப்புங்கள், ஜெர்மனியைவிட மலிவு. சாமான் வைக்க முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி; இருவருக்கு ஒரு வாரத் துணி தாராளமாகப் பிடிக்கும். பின் டிக்கி எஞ்சினுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூடாகும், சால்ஸ்பர்க் சாக்லேட் வாங்கினால் முன்னால் வையுங்கள்.

மூவாயிரம் ஆக இன்னும் ஆயிரத்துச் சொச்சம் பாக்கி. கறுப்புக்காட்டு பி500 சாலைக்குக் கட்டணமே கிடையாது. இந்த மாதத் தவணை போன பிறகு கிளம்பலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். விடுதியா? காலையில் கிளம்பி ராத்திரி வந்துவிடுவோம்.